கை வர்க்கம்

கல்லூரியில் தமிழ்வழியில் கணிதம் படித்தேன். புள்ளியியல் துணைப்பாடம். அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு ‘கை-வர்க்கச் சோதனை’. கை என்றால் நம்முடைய கைதான் என்று நினைத்துக்கொண்டேன். கைநாட்டு, கைமாற்று, கைப்பக்குவம் என்று எத்தனையோ கை இருக்கிற மொழியில் கை வர்க்கமும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே. ஏதோ கையால் வர்க்கம் போட்டுக் கூட்டுகிற முறை என்று ஒரு வருஷம் முழுக்க நம்பினேன். பிறகு ஒருநாள் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது கிரேக்க எழுத்தொன்றின் பெயர். எக்ஸ் எழுத்து வாலை நெளித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் விடுதியில் அதையே பட்டப்பெயராக வைத்திருப்பார்கள்.

இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பையன்களும், வேலையில் இருந்துகொண்டே டேட்டா சயின்ஸ் பக்கம் போக நினைக்கிறவர்களும் வந்து கேட்பார்கள்: “சார், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்க எந்தப் புத்தகம் நல்லது? எந்த வீடியோ பார்க்கலாம்?” முன்பெல்லாம் ஒரு நீளமான பட்டியல் எழுதிக் கொடுப்பேன். மளிகைச் சீட்டு மாதிரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து சந்தேகம் கேட்டவர்கள் குறைவு. நான் கொடுத்தது என்னவோ நல்ல பட்டியல்தான். அதை எதற்காகப் படிக்கிறோம், எப்படிக் கையாள்வது என்பதைத்தான் எழுதிக் கொடுக்கவில்லை. அது எனக்கே புத்தகத்தில் கிடைத்ததல்ல. வயல் வரப்பில் கிடைத்தது.

1984-இல் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக வேலையில் சேர்ந்தேன். காவிரிப் பாசனப் பகுதி. முக்கியமான வேலைகளில் ஒன்று பயிர் அறுவடைப் பரிசோதனை. ஒரு வட்டாரத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்று அறிய எல்லா வயலையும் அறுத்து எடைபோட முடியாது. சில கிராமங்கள், கிராமத்துக்குள் சில சர்வே எண்கள், அதில் ஒரு வயல், வயலுக்குள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒரு சதுரம். அந்த 25 சதுர மீட்டரில் உள்ளதை அறுத்து, கதிரடித்து, தூற்றி எடைபோட வேண்டும். 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. பன்னிரண்டரைக் கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ.

சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை வயல்காரரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. சமவாய்ப்பு எண் அட்டவணைதான் சொல்லும். நாங்கள் ‘ராண்டம் நம்பர்’ என்போம். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை காட்டும் எண்ணுக்கு நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி நடந்து முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்ட வேண்டும். சில வயல்காரர்களுக்கு இது பிடிக்காது. “அந்த மூலையில அறுங்க சார், கதிர் எப்படித் தலை சாஞ்சு நிக்குது பாருங்க” என்பார் ஒருவர். பயிர்க் காப்பீடு வந்த பிறகு பேச்சு மாறியது: “இங்க எதுக்கு சார், தண்ணி நின்னு அழுகிப் போச்சே, அந்தப் பக்கம் அறுங்க.” இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த நியாயத்தைத்தான் சொன்னார்கள். அட்டவணைக்குக் காது கிடையாது.

தவறு செய்தது நான். சேர்ந்த புதிதில் ஒரு தை மாத அறுவடை. மழை மிரட்டிக்கொண்டிருந்தது. அட்டவணைப் புத்தகம் பாலிதீன் பையில் பத்திரமாக இருந்தது; அதை வெளியில் எடுக்கச் சோம்பல். எண்தானே, நாமே ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டால் போயிற்று என்று 17, 23, 8, 37 என்று மனசுக்கு வந்ததை எழுதிக்கொண்டு குச்சி அடித்தேன். அந்தப் பருவம் முழுக்க அப்படியே ஓடியது.

படிவங்களைச் சரிபார்த்த மேலதிகாரி ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, என் எண்களின் கடைசி இலக்கங்களைப் பென்சிலால் எழுதி ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஏழுக்கும் மூன்றுக்கும் எதிரே கோடுகள் வேலிபோல நெருங்கி நின்றன. சைபரும் ஐந்தும் காலியாகக் கிடந்தன. அடுத்தடுத்து ஒரே இலக்கம் வந்த இடம் ஒன்றுகூட இல்லை.

“இதெல்லாம் அட்டவணையில எடுத்ததா தம்பி, மனசுல எடுத்ததா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அட்டவணைப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். இருநூறு இலக்கங்களை நானே எண்ணிக் கோடு போட வேண்டும். போட்டேன். பத்து இலக்கங்களும் ஏறக்குறைய இருபது இருபதாக வந்தன. கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. ஒரே இலக்கம் அடுத்தடுத்து வந்த இடங்களும் இருபதுக்குப் பக்கம். தற்செயல் என்பது நாம் நினைப்பதுபோல் ஒழுங்காகக் கலைந்து இருக்காது, அது கொத்துக்கொத்தாகவும் வரும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். “சரி, இதுல இருக்கிற கூடக்குறைய தற்செயல். உன்னோடது தற்செயல் இல்லை. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுச் சொல்லுவே? கை வர்க்கம் படிச்சிருக்கேல்ல, போட்டுப் பாரு” என்று பென்சிலை என் கையில் கொடுத்தார்.

படித்திருந்தேன், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம், அதன் வர்க்கம், அதை எதிர்பார்ப்பால் வகுத்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டியபோதுதான் அந்தச் சூத்திரம் என்ன கேட்கிறது என்று புரிந்தது. ‘நீ சொன்ன கதைக்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்கிறது. என் படிவங்களுக்கு அந்தத் தூரம் மானக்கேடான அளவுக்கு வந்தது. தமிழில் அதற்கு யார் ‘கை’ என்று பெயர் எழுதினார்களோ, ஒலிபெயர்ப்புத்தான் செய்தார்கள். எனக்கென்னவோ அதில் பொருளும் சேர்ந்தே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த அட்டவணைகள் மேலேயே ஒரு மரியாதை வந்தது. 1927-இல் டிப்பெட் என்ற ஆங்கிலேயர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் இலக்கங்களைப் புத்தகமாகவே போட்டது. கதையும் இல்லை, கருத்தும் இல்லை, வெறும் இலக்கங்கள். ஆனாலும் புள்ளியியல் கற்க நினைக்கிறவனுக்கு அதில் ஒரு பக்கத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னால் ஓர் அத்தியாயத்துக்குச் சமம் என்பேன்.

எங்கள் வயல் சதுரத்துக்குப் பின்னாலும் ஒரு சரித்திரம் உண்டு. 1920-களில் ஹப்பக் என்ற அதிகாரி பீகார், ஒரிசா பகுதியில் நெல் வயல்களில் சமவாய்ப்பு முறையில் சிறு துண்டுகளை அறுத்துப் பார்த்தார். பிறகு மகலனோபிஸ் வங்காளத்தில் சணலுக்குப் பெரிய அளவில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். அவர் இயற்பியல் வாத்தியார். புள்ளியியலுக்கு வந்ததே ஒரு பத்திரிகையால். 1915-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பும்போது ‘பயோமெட்ரிகா’ இதழின் தொகுதிகளை வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். 1931-இல் அவர் முயற்சியில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. அறுவடைத் துண்டு சிறியதாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும் என்பது சுகாத்மே என்ற இன்னொரு புள்ளியியல் அறிஞரின் கட்சி. இந்தச் சண்டையைப் பின்னால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கயிற்றின் ஓரத்தில் நிற்கும் குத்தை அரிவாள் எப்போதும் உள்பக்கமாகவே சேர்த்துக்கொள்ளும் என்பதை அறுக்க வந்த எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். துண்டு சிறுத்தால் ஓரம் பெருத்துவிடும். கையில் அரிவாள் பிடித்தவர்களுக்குத் தெரிந்த பிழைக்குப் பாடத்தில் ‘ஓரப் பிழை’ என்று ஒரு பெயர், அவ்வளவுதான்.

புத்தகங்களுக்கு வருகிறேன். இந்தியாவில் புள்ளியியல் பட்டம் படித்தவர்களில் பலருடைய அலமாரியில் குப்தா-கபூர் இருக்கும். தலையணை கனம். நிரூபணங்களும் கணக்குகளும் அதில் நிறைய. ஆனால் அதை முதல் புத்தகமாக எடுக்கிறவன் ஊர் பார்க்கப் போய்ச் சுங்கச்சாவடியிலேயே நின்றுவிடுகிறவன். எனக்கு வாசல் திறந்தது வேறொரு புத்தகம். ஃப்ரீட்மன், பிஸானி, பர்வ்ஸ் மூவரும் எழுதி 1978-இல் வந்தது, பெயரே ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’தான். சூத்திரங்களைக் கூடுமானவரை வார்த்தையிலேயே சொல்வார்கள். எந்தத் தற்செயல் நிகழ்ச்சியையும் ஒரு பெட்டிக்குள்ளிருந்து சீட்டு எடுப்பதாக மாற்றிவிடுவார்கள். பெட்டியில் என்னென்ன சீட்டு, எத்தனை எடுக்கிறாய், எடுத்ததைத் திரும்பப் போடுகிறாயா: இந்த மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

நான் அதை அப்படியே செய்து பார்த்தேன். காலி பிஸ்கட் டின். பத்துப் பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கம் 0 முதல் 9 வரை எழுதிப் போட்டுக் குலுக்கினேன். ஒன்றை எடுத்துக் குறித்துத் திரும்பப் போட்டு, இருபத்தைந்து தடவை எடுத்துச் சராசரி போட்டேன். இப்படி ஐம்பது சராசரிகள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வீட்டில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். கிராஃப் தாளில் குறித்தபோது புள்ளிகள் நாலரையைச் சுற்றிக் கவிழ்த்த மணி மாதிரி குவிந்தன. டிக்கெட்டுகளில் எந்த மணியும் இல்லை; பத்து எண்ணும் சமமாகத்தான் இருந்தன. சராசரி எடுத்ததுதான் மணியைச் செய்தது. அலைச்சலும் ஐந்தில் ஒன்றாக அடங்கிவிட்டது. இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. மைய எல்லைத் தேற்றத்தை அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம்மிடமே பழைய சரக்கு ஒன்று உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரம். பலாப்பழத்தை அறுக்காமல் சுளை எண்ணச் சொல்லும் வழி அதில் வருகிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். ‘தமிழன் அன்றே கண்டான்’ என்று மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள் பழத்தை அறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு கோடையில் மூன்று பண்ருட்டிப் பழம் வாங்கி முள்ளும் சுளையும் எண்ணினேன். விதி சரியா தப்பா என்று முடிவு சொல்ல மூன்று பழம் போதாது என்பதுதான் கிடைத்த முடிவு. எத்தனை பழம் போதும் என்ற கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது. சுளையை அக்கம்பக்கம் தின்று தீர்த்தது.

புத்தகம் என்றால் கும்பகோணத்தை விட்டுவிட முடியாது. ராமானுஜனுக்குப் பதினைந்து பதினாறு வயதில், 1903 வாக்கில், கைக்குக் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த ‘சினாப்சிஸ்’. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகச் சேர்த்த சில ஆயிரம் முடிவுகளின் பட்டியல் அது. நிரூபணம் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் ஒற்றை வரிக் குறிப்புத்தான். இன்றைக்கு ஒரு மாணவன் கேட்டால் ‘இது வேண்டாம்பா, விளக்கமே இல்லை’ என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் விளக்கம் இல்லாததால்தான் ஒவ்வொரு வரியையும் ராமானுஜனே போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து அழித்து முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். ராமானுஜன் ஆவதற்கு இது வழி என்று சொல்ல வரவில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்தச் சின்ன வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் மனசில் நிற்பது அந்த முழங்கைதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு எதற்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் புத்தகங்கள் தமிழிலேயே இலவசமாக இறங்குகின்றன. போட்டித்தேர்வுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது அவற்றைத்தான். அதில் உள்ள சொற்களே பாதி விளக்கம்: அதிகம் வருவது ‘முகடு’, வரிசையின் நடுவில் நிற்பது ‘இடைநிலை’, இரண்டு சேர்ந்து ஏறி இறங்குவது ‘ஒட்டுறவு’. ஒருவனிடம் ‘மோட்’ என்றால் முழிப்பான். கூரை முகடு என்றால் நிமிர்ந்து பார்ப்பான். அதற்கு மேலே போகிறவர்களுக்கு ஐஐடி பேராசிரியர்களின் முழுநீளப் பாடங்கள் என்பிடெல்லில் இருக்கின்றன. திசையன், அணி என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க 3ப்ளூ1ப்ரவுன் என்ற யூடியூப் சேனல்; அதையே நின்று நிதானமாகக் கற்க எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பு; புள்ளியியலில் ஒரு சந்தேகத்தைப் பத்து இருபது நிமிஷத்தில் தீர்த்துக்கொள்ள ஜோஷ் ஸ்டார்மரின் ஸ்டாட்க்வெஸ்ட். எல்லாவற்றையும் நானும் பார்க்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு கொடுப்பினை என்று சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் ஒன்று. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வரப்பில் நின்று நடவு பார்க்கிறவனுக்கும் அப்படித்தான். சேற்றில் இறங்கி நாலு முடிச்சு நட்ட பிறகுதான் இடுப்பு பேசும். அதனால் எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். வீடியோவில் வாத்தியார் கணக்கை எழுதியதும் நிறுத்திவிடுவேன். என் நோட்டில் போட்டு முடித்தபின்தான் மீண்டும் ஓடவிடுவேன். பதினைந்து நிமிஷப் பாடம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. பென்ஷன் மாதாமாதம் வந்துவிடுகிறது.

என் பேத்தி சென்னையில் டேட்டா சயின்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது அவளுக்குத் தாயம் ஆட ஆசை வந்தது. தாயக்கட்டை எங்கே போயிற்றோ. நாலு புளியங்கொட்டையை எடுத்துத் திண்ணைத் தரையில் ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி எத்தனை வெள்ளையோ அத்தனை. நாலும் கறுப்பாகக் கவிழ்ந்தால் எட்டு. ஆட்டத்தில் அவளுக்கு எட்டு எட்டாக விழுந்தது. எனக்குச் சந்தேகம்.

“ஏம்மா, கொட்டை ரெண்டு பக்கமும் சமமா விழுந்தா எட்டு எத்தனை தடவைக்கு ஒண்ணு வரணும்?”

“பதினாறுக்கு ஒண்ணு தாத்தா” என்றாள் பட்டென்று. “இருங்க, கோடு எழுதி ஒரு லட்சம் தடவை ஓட்டிக் காட்டறேன்.”

“கம்ப்யூட்டர் நீ சொன்ன கொட்டையைத்தான் உருட்டும். இந்தக் கொட்டையை நாமதான் உருட்டணும்.”

பதினாறின் மடங்காக 160 தடவை என்று முடிவுசெய்தோம். அவள் உருட்ட, நான் பழைய காலண்டர் தாளில் கோடு போட்டேன். கொட்டைகள் சமமாக இருந்தால் பூஜ்யம் முதல் நாலு வெள்ளை வரை 10, 40, 60, 40, 10 என்று வர வேண்டும். வந்ததோ 23, 52, 58, 21, 6. வித்தியாசங்களை அவளே வர்க்கம் போட்டாள், எதிர்பார்ப்பால் வகுத்தாள், கூட்டினாள்: 31.19. ஐந்து விழுக்காட்டு எல்லை 9.488. “பெரிசாத்தான் இருக்கு” என்று செல்போனில் தட்டிப் பார்த்தாள். சமமான கொட்டைகளாக இருந்தால் இவ்வளவு விலகல் வர வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்றுக்கும் குறைவு. மொத்தம் உருண்டது 640 கொட்டை, வெள்ளை 255. நூற்றுக்கு நாற்பது. தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் தரையோடு படிந்துகொள்கிறது போலும் என்று நான் விளக்கம் சொன்னேன். 9.488 எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அதற்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. அது அவள் கல்லூரியில் பாதி செமஸ்டர் கேட்டும் கேட்கத் தோன்றாத கேள்வியாம்.

அவள் மடிக்கணினியில் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் இருக்கிறது; நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இஹாகா, ஜென்டில்மன் என்ற இருவர் தொடங்கி வைத்து இன்று உலகத்துக்கே இலவசமாகக் கிடைப்பது. நாற்பதுக்கு அறுபது என்று சொல்லி அதில் ஒரு லட்சம் தடவை உருட்டினாள். திரையில் வந்த படம் காலண்டர் தாளில் இருந்த படத்தோடு ஏறக்குறையப் பொருந்தியது. எனக்குத் திருப்தி. வேலை முடிந்தது என்று தாளை மடித்தேன்.

அவள் மடிக்க விடவில்லை.

“தாத்தா, நாலு கொட்டையும் ஒரே மாதிரின்னு யார் சொன்னா? நாம மொத்தமாத்தானே எண்ணினோம். ஒண்ணு மட்டும் ரொம்பக் கோணலா இருந்து, மத்த மூணும் ஒழுங்கா இருந்தா?”

முப்பத்துச் சொச்சம் வருஷம் கயிறு பிடித்து எண்ணியவன் நான். அது எனக்குத் தோன்றவில்லை. நாலையும் ஒரே கைக்குள் போட்டுக் குலுக்கிய மாத்திரத்தில் நாலும் ஒன்று என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். பதில் சொல்லாமல் பென்சிலைச் சீவினேன். அவள் உள்ளே போய் நெயில் பாலிஷ் எடுத்து வந்து கொட்டைகளுக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று, நாலு என்று அடையாளம் வைத்தாள். காயட்டும் என்று சற்று ஊதினாள். பிறகு முதல் கொட்டையை எடுத்துத் தரையில் உருட்டினாள்.

“கறுப்பு. எழுதிக்கோங்க தாத்தா.”